இருபத்திரண்டாம் கணக்கு

இலங்கைத்துறை
செப்டெம்பர் 14

ரிஷி,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வசனம் கதைப்பதற்குள் "அக்கா, மற்ற லைனில ஒரு பேரன்ட்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. மூதூர் பஸ் கொண்டக்டர் ஸெய்னுதீனிடம் கொடுத்துவிடுகிறேன். உன் ரியூசன் வாசலில் இறக்கிவிடுவார்.

இங்கே முதன்முறையாகக் கணிதப் பிரிவு தொடங்கி, நான்கு பிள்ளைகள் உயர்தரம் எழுதப்போகிறார்கள் என்று உனக்குத் தெரியும். கஷ்டப் பிரதேச இடமாற்றம் முடிந்தும் நான் இந்தக் குவாட்டர்ஸை விட்டு வராமல் கிடப்பது இந்த நால்வருக்காகத்தான். இவர்கள் சறுக்கினால் வலயக் கந்தோர் பிரிவையே இழுத்து மூடிவிடும். பிறகு இந்தக் கரையில் கணக்குப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை மூதூருக்குப் போய் அறை எடுத்துப் படிக்க வேண்டும். அப்படி அனுப்பக்கூடிய வீடு இங்கே ஒன்றுகூட இல்லை.

நால்வரில் கஜந்தினி கெட்டிக்காரி. தகப்பன் தோணியில் கடலுக்குப் போகிறவர். போன கிழமை அவளுடைய கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் கணக்கு, அந்தத் தகரப் பெட்டிக் கணக்கு உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரத் தகரம். நான்கு மூலையிலும் ஒரே அளவில் சதுரம் வெட்டி எறிந்துவிட்டு ஓரங்களை மடித்தால், மூடியில்லாத பெட்டி வரும். பெட்டி ஆகக் கூடுதலாகக் கொள்ள வேண்டுமென்றால் மூலையில் எவ்வளவு வெட்ட வேண்டும்? கனவளவை எழுதி, வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் இரண்டும் ஆறும் வரும். ஆறு வெட்டினால் நான்கு மூலையும் சேர்ந்து தகரம் முழுவதையும் தின்றுவிடும், மடிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே விடை இரண்டு.

கஜந்தினியும் இரண்டு என்றுதான் முதலில் எழுதியிருந்தாள். அடியில் கோடும் போட்டிருந்தாள். பிறகு அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு ஆறு என்று எழுதியிருக்கிறாள். அதோடு விட்டாளா? அடுத்து வந்த கணக்குகளிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பெரிய விடையை எடுத்து வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "நான் செய்யேக்க ரெண்டுதான் ரீச்சர் வந்தது. புத்தகத்தில ஆறு எண்டு கிடக்கு. புத்தகம் பிழைக்குமோ?" என்றாள்.

அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். உப்புவெளியில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்காவிடம் வாங்கி எடுத்த போட்டோக்கொப்பி. நால்வரிடமும் அதுதான் இருக்கிறது. அட்டையில், உப்புவெளியில் ரியூசன் நடத்தும் சிவபாதம் சேர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே பார்த்தால் நான். நான் போன வருடம் லீவில் வந்து உன் சாப்பாட்டு மேசையில் இருந்து உன் ரியூசன் புத்தகத்துக்கு எழுதித் தந்த விடைகள், ஒரு வரி மாறாமல். மூலைகளில் நான் போடும் சின்னப் புள்ளிக்கோடுகூட அப்படியே இருக்கிறது. அந்த ஆள் உன் புத்தகத்தைக் களவெடுத்திருக்கிறார், அது எனக்கு விளங்குகிறது. விளங்காதது ஒன்றுதான். நான் உனக்குத் தந்த விடை இரண்டு. உன் புத்தகத்தை மூதூரில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அதிலும் ஆறு. யார் மாற்றினது?

அக்கா பிரசாந்தி


திருகோணமலை
செப்டெம்பர் 20

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. ஸெய்னுதீன் நானா வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்கு வந்து தந்துவிட்டுப் போனார், பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நாங்கள் இங்கே சுகம். நீங்கள் அந்தப் பக்கத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

அக்கா, நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், எனக்குச் சந்தோசம்தான். உங்கள் கண்ணுக்குத் தப்பாது என்று தெரியும். அது அச்சுப் பிழை இல்லை. நானே போட்டது. சிவபாதம் சேர் ஒவ்வொரு வருடமும் என் புத்தகத்தை எடுத்துத் தன் படத்தைப் போட்டு விற்கிறார். கேட்டால், "கணக்குக்கு விடை ஒண்டுதானே தம்பி, எல்லாருக்கும் அதுதானே வரும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தப் பதிலுக்கு நான் என்ன செய்ய? அதனால்தான் இந்த வருடம் மூன்று இடத்தில் விடையை மாற்றி வைத்தேன். அவருடைய புத்தகத்திலும் அதே மூன்று பிழை இருந்தால் அவர் இனி ஒன்றும் கதைக்க ஏலாது. நீங்களே பார்த்துவிட்டீர்கள், கள்ளனுக்கு வைத்த பொறியில் விழுந்துவிட்டார்.

என்னுடைய பிள்ளைகளுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. வகுப்பில் வாயால் சொல்லித் திருத்திவிட்டேன். புத்தகத்தை ஒழுங்காக வாங்கி, ஒழுங்காக வகுப்புக்கு வருகிறவனுக்குச் சரியான விடை இருக்கிறது. களவாகக் கொப்பி எடுக்கிறவனுக்கு நான் பொறுப்பில்லை. கோபிக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

பரீட்சைக்கு முன் பெரிய கருத்தரங்கு ஒன்று வைக்கிறேன். அன்றைக்குத் திரையில் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டப்போகிறேன். அதுவரை நீங்கள் ஒருவருக்கும் மூச்சு விட வேண்டாம். கதை உப்புவெளிக்குப் போனால் அவர் உடனே திருத்தி அச்சடித்துவிடுவார்.

உங்கள் தம்பி
ரிஷிகேசன்


இலங்கைத்துறை
செப்டெம்பர் 27

கணிதச் சுடர் ரிஷிகேசன் அவர்களுக்கு,

உன் கடிதத்தாளின் தலைப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறாய், பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் படத்தோடு. தம்பிக்குத் தெரியாததைச் சுடர் அறியட்டும் என்று அவருக்கே எழுதுகிறேன்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே, கோபமென்றால் இரண்டு நாளில் ஆறிவிடும். இந்தக் குவாட்டர்ஸுக்குப் பின்னால் கருவாடு காயவைக்கிறார்கள், பகல் முழுக்க ஈ. உன் கடிதத்தை வாசித்த பிறகு அந்த மணத்துக்குள் போய் நின்றேன், பரவாயில்லாமல் இருந்தது.

கள்ளனைப் பிடிக்கப் போட்ட பொறி என்கிறாய். பொறியில் கிடப்பது யார் என்று பார்த்தாயா? சிவபாதம் சேர் இந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. அவருக்கு இரண்டானால் என்ன, ஆறானால் என்ன? எழுதுவது கஜந்தினி. அவள் சரியாகச் செய்தாள், ரிஷி. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், மண்ணெண்ணெய் மணக்கும் வீட்டில் இருந்து, தானாகவே சரியாகச் செய்தாள். செய்துவிட்டு உன் அச்சைப் பார்த்துத் தன் மூளையை வெட்டிவிட்டாள். பிழையாகச் செய்கிற பிள்ளையைத் திருத்த எனக்குத் தெரியும். சரியாகச் செய்துவிட்டுத் தன்னை நம்பாத பிள்ளையை நான் என்ன செய்வது?

களவுக் கொப்பி என்கிறாய். இங்கே இருந்து உன் வகுப்புக்கு வர வேண்டுமென்றால் விடியமுன் வெளிக்கிட வேண்டும், திரும்ப பஸ் இருந்தால் அதிர்ஷ்டம். வாயால் சொல்லித் திருத்தினாயாம். உன் வாய் இலங்கைத்துறை வரை கேட்காது.

இரண்டாவதைக் கண்டுபிடித்துவிட்டேன். வர்க்கமூலக் கணக்கு. x உடன் பன்னிரண்டைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் x வருகிறது, x என்ன? இரண்டு பக்கமும் வர்க்கித்தால் நான்கும் மறை மூன்றும் (-3) வரும். மறை மூன்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மறை மூன்று. பொருந்தாது. அதைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் எழுதிய வரியை எடுத்துவிட்டு, இரண்டையும் விடையென்று போட்டிருக்கிறாய். எந்த வரியை எடுத்தால் பிள்ளை விழும் என்று நன்றாகத் தெரிந்துதான் எடுத்திருக்கிறாய்.

மூன்றாவது எது? அதை மட்டும் எழுது. சிவபாதத்துக்குச் சொல்லமாட்டேன், என் நான்கு பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

பிரசாந்தி


திருகோணமலை
ஒக்ரோபர் 4

அக்கா,

நீங்கள் எழுதியது எனக்கு நல்லா நொந்தது. கணிதச் சுடர் என்று போட்டது அச்சகக்காரர், நான் கேட்கவில்லை. இந்த ஊரில் படம் இல்லாமல், பட்டம் இல்லாமல் வகுப்பு நடத்தினால் பிள்ளைகள் இருக்கிற வாங்கு முழுக்க வெறுமையாகத்தான் கிடக்கும். நீங்கள் அரசாங்கச் சம்பளத்தில் இருந்துகொண்டு சுத்தமாக இருக்கலாம்.

மூன்றாவதை எழுத ஏலாது. நான்கு பிள்ளைக்குச் சொன்னால் நாற்பது பிள்ளைக்குச் சொன்ன மாதிரி. உங்கள் கஜந்தினிக்கு உப்புவெளியில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதோடு மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது, உங்களுக்கே இலேசில் பிடிபடாது.

ஒன்று செய்யுங்கள். வருகிற பதினெட்டாம் திகதி கருத்தரங்கு. நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்வரிசையில் கதிரை போட்டு வைக்கிறேன், சாப்பாடும் தருகிறேன். எல்லாவற்றையும் அங்கே சொல்வேன்.

ரிஷி


இலங்கைத்துறை
ஒக்ரோபர் 30

ரிஷி,

வந்தோம், பார்த்தோம். நீயும் எங்களைப் பார்த்தாய், ஆனால் அங்கே நடந்ததை நீ பார்த்த மாதிரித் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் நால்வரும் முதல்நாளே உடுப்பு மினுக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் சுலக்சன், பஸ் கிண்ணியாப் பாலத்தின்மேல் போகும்போது எழும்பி நின்று, துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தான். உன் மண்டபத்து ஏசிக் குளிரில் நால்வருக்கும் நடுக்கம், ஆனாலும் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாவது பிழை எது என்று தெரிந்துகொள்ள வந்த பிள்ளைகள் அவர்கள். வேறு எதற்கும் வரவில்லை.

நீ திரையில் இரண்டு புத்தகத்தையும் போட்டாய். ஆறு வெட்டிய தகரத்தைக் காட்டி, "சிவபாதம் சேரின்ர பெட்டிக்குள்ள என்ன வைக்கலாம் சொல்லுங்கோ பாப்பம்?" என்று மைக்கில் கேட்டாய். மண்டபமே சிரித்தது. எனக்குப் பின்னால் இருந்த பிள்ளை சிரிக்கவில்லை. உப்புவெளிப் பிள்ளை, அவரிடம் படிக்கிறவள். அவளுடைய புத்தகத்தில்தான் அந்த ஆறு இருந்தது. கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். களவெடுத்தவர் உப்புவெளியில் பகல் நித்திரை கொண்டிருப்பார். அழுதது அவள்.

இரண்டாவதையும் காட்டினாய். மூன்றாவது அடுத்த வருடத்துக்கு என்று கண்ணடித்தாய். அப்போதுதான் கஜந்தினி எழும்பினாள். வகுப்பில் என்னிடம் கேள்வி கேட்கவே கையைப் பாதிதான் தூக்குகிற பிள்ளை, அத்தனை பேருக்கு நடுவில் எழும்பி நின்று, "சேர், மூண்டாவது எது?" என்று கேட்டாள். நீ மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "எங்கட வகுப்புப் பிள்ளையளுக்குத் தெரியும் தங்கச்சி. நீங்கள் எந்த வகுப்பு?" என்றாய். திரும்பவும் சிரிப்பு. நான் நால்வரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். உன் சாப்பாட்டுப் பார்சல்களை வாசலில் வைத்துவிட்டோம்.

மண்டபத்துக்கு வெளியே உன் வகுப்புப் பிள்ளைகள் இருவரைப் பிடித்துக் கேட்டேன். அவர்களுக்கும் மூன்றாவது தெரியவில்லை. ரிஷி, உன்னை நம்பிக் காசு கட்டின பிள்ளைகளுக்கே நீ சொல்லவில்லை.

பஸ்ஸில் சுலக்சன் கேட்டான், "அப்ப இதில எதை ரீச்சர் நம்புறது?" நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். விடையைத் திருப்பிக் கணக்குக்குள் வைத்துப் பார், பொருந்தினால் நம்பு, புத்தகத்தைப் பார்க்காதே என்றேன். கஜந்தினி தலையாட்டினாள். அவன் ஆட்டவில்லை. புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தான்.

அன்றிலிருந்து நாங்கள் அந்தப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை திரும்பச் செய்கிறோம். படிக்க வேண்டிய பாடம் எவ்வளவோ கிடக்க, பிழை தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது அகப்படவில்லை. எல்லாம் நான் எழுதிய விடைகள்தான், சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் நீ இருக்கிறது என்று சொல்லிவிட்டாய். சில நேரம் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது. நீ எனக்குள்ளும் கை வைத்துவிட்டாய்.

கடைசியாகக் கேட்கிறேன். அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்கிறேன். எது?

அக்கா


திருகோணமலை
டிசெம்பர் 8

அக்கா,

பரீட்சை முடிந்துவிட்டது. பிள்ளைகள் நன்றாகச் செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன். இனிச் சொல்வதில் ஒரு கரைச்சலும் இல்லை.

மூன்றாவது என்று ஒன்று இல்லை. இரண்டுதான் போட்டேன். சிவபாதம் சேர் தேடித் தேடி அலையட்டும் என்று எல்லாரிடமும் மூன்று என்று சொன்னேன், உங்களிடமும் அப்படியே வந்துவிட்டது. இல்லை என்று உங்களுக்கு எழுதியிருந்தால் நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள், அது அவருடைய காதுக்குப் போயிருக்கும். நினைத்துப் பார்த்தால் ஒருவருக்கும் நட்டமில்லைத்தானே. புத்தகம் முழுக்கச் சரியாகத்தான் இருந்திருக்கிறது, அந்த இரண்டைத் தவிர.

தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வாருங்கள்.

ரிஷி


திருகோணமலை
மே 3

அன்புள்ள அக்கா,

பொங்கலுக்கும் வரவில்லை, சித்திரை வருசத்துக்கும் வரவில்லை. நான் இரண்டு தரம் ஸெய்னுதீன் நானாவிடம் விசாரித்தேன். "ரீச்சர் சுகமா இருக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு மணி அடித்துப் போய்விட்டார்.

முடிவுகள் பார்த்தேன். கஜந்தினி பொறியியல் பீடத்துக்குப் போவாள் போலிருக்கிறது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? யோசித்துப் பாருங்கள் அக்கா, மூன்றாவது பிழையைத் தேடி முழுப் புத்தகத்தையும் செய்ததால்தானே பிள்ளைக்கு இந்தப் பெறுபேறு வந்தது. எப்படியோ அது நன்மைக்குத்தான் முடிந்திருக்கிறது.

நமக்குள் இருக்கிற மனக்கசப்பைப் போக்க ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஈச்சிலம்பற்றுச் சந்தியில் தகரத்தில் ஒரு விளம்பரப் பலகை அடித்து வைக்கச் சொன்னேன், உங்கள் பிள்ளைகளின் படத்தோடு. அந்தப் பக்கத்தில் ஒரு கிளை வகுப்பும் தொடங்கலாம் என்று யோசனை. நீங்கள் வந்து படிப்பித்தால் நல்லது.

உங்கள் தம்பி
ரிஷி


இலங்கைத்துறை
மே 19

ரிஷி,

பலகையைப் பார்த்தேன். மூன்றடிச் சதுரம், நல்ல கனமான தகரம். நடுவில் நீ. மூன்று மூலையில் கஜந்தினியும் மற்ற இரண்டு பிள்ளைகளும், நான்காவது மூலையில் "நூறு வீதச் சித்தி".

நால்வர் எழுதினார்கள், ரிஷி. மூவர்தான் சித்தியடைந்தார்கள். அதனால் வலயக் கந்தோர் பிரிவை இன்னும் ஒரு வருடம் விட்டுவைத்திருக்கிறது. சுலக்சனுக்கு நீ மூலை ஒதுக்கவில்லை. நூறு வீதத்துக்குள் அவன் இல்லை. அவன் விடைத்தாளில் என்ன செய்தான் என்று என்னிடம் சொன்னான். சரியாகச் செய்ததையெல்லாம் தானே வெட்டிவிட்டு வந்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் அந்த மூன்றாவது பிழை இருப்பதுபோலப் பட்டதாம். நீ டிசெம்பரில் எழுதியதை நான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது மாமனோடு கடலுக்குப் போகிறான். திரும்ப எழுது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் தோணிக்கு இறங்கிவிடுகிறான்.

நீ டிசெம்பர் வரை காத்திருந்தாய். ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்தது.

நன்மைக்குத்தான் முடிந்தது என்று எழுதியதை வாசித்தபோது, ஒரே சட்டியில் நாம் சாப்பிட்டு வளர்ந்ததை நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. பலகைக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன், உன் பொருள் என்பதால்.

கஜந்தினியின் தகப்பன் அதைக் கழற்றிக் கொண்டு வந்துவிட்டார். தூண்டிலுக்குக் குத்தும் இரைமீன் போட்டு வைக்கத் தோணியில் ஒரு பெட்டி தேவைப்பட்டதாம். நான் போனபோது முற்றத்தில் தகரத்தைப் போட்டுவிட்டு, மூலையில் எவ்வளவு வெட்டுவது என்று கத்தரியோடு யோசித்துக்கொண்டிருந்தார். கஜந்தினி குசினியிலிருந்து வந்து குந்தி இருந்து, விரலால் மண்ணில் கொஞ்ச நேரம் எழுதினாள். எழுதியதைத் திருப்பிப் போட்டும் பார்த்தாள்.

"ஆறு இஞ்சு வெட்டுங்கோ அப்பா. அப்பதான் ஆகக் கூடக் கொள்ளும்," என்றாள்.

"புத்தகத்திலயோ கிடக்கு?" என்று அவர் கேட்டார்.

"இல்லை. நான் செய்து பாத்தனான்."

மூன்றடிக்கு ஆறு அங்குலம் சரி. ஆறு என்பது சரியான விடையாக வந்தது இந்த ஒரு தகரத்தில்தான்.

வெட்டினார். நான்கு மூலையும் விழுந்தன. மூன்று பிள்ளைகளின் படத்தையும் கஜந்தினி துடைத்து எடுத்து வைத்துக்கொண்டாள், நூறு வீதத்தை நாய் இழுத்துக்கொண்டு போனது. ஓரங்களை மடித்துத் தட்டினார். நல்ல பெட்டி, ஒழுகவில்லை. இன்று காலை சுலக்சனின் மாமன் அதை இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அடியில் உன் முகம், பல் தெரியச் சிரிக்கிறது. அதன்மேல் சாளை மீன் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சுலக்சன்தான் இரை எடுத்துக் குத்துகிறான்.

பிரசாந்தி